இன்சாப் நானாவின் பஸ் எங்கே நிற்கிறது?

கணினியில் சிவப்பு எழுத்து விழுந்தால் ரொபின்சன் அதை வாசிக்கிற ஆள் இல்லை. கடிக்கிற நாய் படுத்திருக்கும் ஒழுங்கையைக் கண்டவன் போல, முதல் வரியோடு திரும்பி வேறு வழியால் போய்விடுவான். அன்று காலை எந்த வழியால் போனாலும் அந்த நாய்தான் படுத்திருந்தது.

"திரும்பவும் பெயில்," என்றாள் பக்கத்துக் கதிரையில் இருந்த பரீனா.

"எனக்கும் கண் இருக்கு."

"இருக்கு அண்ணா. அதாலை ஒருக்கா வாசிச்சுப் பாத்தால் இன்னும் நல்லம்."

மன்னார்க் கரையோர ஊரான அரிப்பில் ரொபின்சனுடையது ஒற்றை அறைக் கடை. போட்டோக்கொப்பி, போன் ரீலோட், கலியாண ஆல்பம் எல்லாம் அதற்குள்தான். தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் வளர்ந்து, அங்கேயே ஒரு கணினிப் பட்டமும் எடுத்துக்கொண்டு, சண்டை முடிந்த பிறகு குடும்பத்தோடு திரும்பி வந்தவன். சந்தோசம் வந்தால் வாயில் மண்டபத் தமிழ் வரும், மற்ற நேரம் அரிப்புத் தமிழ். கடையில் அவனோடு வேலை செய்கிற பரீனா, இடம்பெயர்ந்த குடும்பத்தில் புத்தளத்தில் பிறந்து, வாப்பாவின் ஊரான கொண்டச்சிக்கு மீளக் குடியேறியவள். சொந்த ஊருக்குப் புதிதாக வந்த இரண்டு பேருக்கும் மன்னார் பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று தெரியவில்லை. ஊரிலேயே கிடந்தவர்களுக்கும் அது தெரியாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அப்படிப் பிறந்ததுதான் அந்தச் செயலி. பஸ்ஸுக்குள் ஒரு பழைய போனை வைத்தால், அது தான் நிற்கிற இடத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். சனம் வீட்டில் இருந்தபடி தங்கள் போனில் பார்த்து, பஸ் கிட்ட வரும்போது வெளிக்கிடலாம். ஊருக்காகச் செய்கிறேன் என்று ரொபின்சன் பெரிதாகச் சொல்லிக்கொண்டான். உண்மையில் செய்தது அக்கா றஞ்சினிக்காக. வயிற்றுப் பிள்ளையோடு கிளினிக்குக்குப் போகிற நாட்களில் அவள் நிழலில்லாத தரிப்பிடத்தில் நின்று நின்று, கால் பூசணிக்காயாக வீங்கி வந்தாள்.

பஸ் சொந்தக்காரர் இன்சாப் நானாவுக்குப் போன கிழமை காட்டியபோது திரையில் இலக்கங்கள் மட்டுமே ஓடின.

"இதென்ன தம்பி, லொத்தர் முடிவா? நான் என்ர பஸ்ஸையெல்லோ கேட்டனான்."

கடைசியில் ஒரு நாள் தவணை தந்தார். இன்றைக்குப் போன் பஸ்ஸில் போகும். பஸ் அரிப்புக்கு வந்து சேர முன்னம் அதை வரைபடத்தில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் போனைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ரீவி பூட்டப்போகிறார். ஊரெல்லாம் படம் போட்டுத்தான் பஸ் ஓடுகிறதாம்.

வரைபடம் காட்டுகிற வேலைக்கு யாரோ எழுதி வைத்த ஆயத்த நிரல் ஒன்று இருக்கிறது, லைப்ரரி என்பார்கள். ஒரு வரி எழுதினால் போதும், இன்டர்நெட்டில் இருந்து தானே இறங்கி வந்து செயலியோடு ஒட்டிக்கொள்ளும் என்று புத்தகத்தில் இருந்தது. புத்தகம் எழுதினவர் அரிப்புக்கு வந்திருக்கமாட்டார். இதுவரை தேவைப்பட்டதெல்லாம் வவுனியாவில் இருந்து பென்ட்ரைவில் வந்தது. இதுதான் இந்தக் கணினி வெளியில் கை நீட்டி வாங்குகிற முதல் சாமான்.

பதிப்பு இலக்கத்தை மாற்றினான். பெயில். சேர்ந்துகிடந்த பழைய குப்பையை அழித்தான். பெயில். "சிக்னல்தான் பிழை!" என்று இன்டர்நெட் டொங்கிளை நீட்டு வயரில் கொழுவி, கம்பில் கட்டி, யன்னலுக்கு வெளியே நீட்டினான். சிக்னல் நிறைந்து வழிந்தது. பெயில்.

போன் அடித்தது. அக்கா.

"தம்பி, நான் வெளிக்கிடவோ? பஸ் எங்கையடா?"

"இந்தா... இப்ப சொல்லுறன் அக்கா."

"உன்னை நம்பித்தான் வீட்டிலை இருக்கிறன். இண்டைக்கு ஸ்கான் எண்டு தெரியுந்தானே?"

போனை வைக்கவும் வாசலில் மோட்டார்சைக்கிள் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. இன்சாப் நானா தலைக்கவசத்தைக் கழற்றாமலே உள்ளே வந்து, "எங்க என்ர பஸ்?" என்றார்.

"வந்துகொண்டிருக்கு நானா."

"அது எனக்கும் தெரியும். எங்க?"

அந்த இடைவெளியில் பரீனா கதிரையைக் கிட்ட இழுத்துப் போட்டு, சிவப்பு எழுத்தை அடிவரைக்கும் உருட்டிக்கொண்டு போனாள். கடைசி வரியில் நின்றாள்.

"அண்ணா, இது சிக்னல் இல்லை. சான்றிதழ் பிழையாம்."

ரொபின்சனுக்குப் பொறுக்கவில்லை. "இதுக்குமா? பிறப்புச் சான்றிதழ் இல்லையெண்டு கச்சேரியிலை திருப்பினாங்கள், வதிவிடச் சான்றிதழ் இல்லையெண்டு விதானையார் திருப்பினார். இப்ப லைப்ரரியும் கேக்குதா?"

"உங்கட சான்றிதழ் இல்லை, அவங்கட. நாங்கள் தேடிப்போற தளம் தான் உண்மையான ஆள்தானெண்டு காட்டுற சான்றிதழ். அது இந்த வருசம் 2018 இலை தொடங்குது. உங்கட கொம்பியூட்டர் அது இன்னும் தொடங்கேல்லையெண்டு சொல்லுது." அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். "இதுக்குள்ள இண்டைக்கு என்ன திகதி?"

ரொபின்சன் கையால் திரையின் மூலையை மறைக்கப் பார்த்தான்.

திரையின் வலப்பக்க அடிமூலையில் மடு மாதா ஸ்ரிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. பரீனா அதைச் சுட்டிக்காட்டினாள், தொடவில்லை. "உங்கட சாமி. நீங்களே எடுங்கோ."

மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மெல்ல உரித்தான். கீழே கிடந்தது 2015 பெப்ரவரி.

"மூண்டு வருசம் பிந்தி ஓடுது!" இன்சாப் நானா தலைக்கவசத்தைக் கழற்றினார். "என்ர பஸ் பரவாயில்லை!"

சொல்லத்தான் வேண்டியிருந்தது. கலியாண ஆல்பம் செய்கிற புரோகிராம் ஒரு மாதம்தான் காசு கட்டாமல் ஓடும். அந்த மாதம் முடியாதபடி, ஒவ்வொரு நாளும் கடை திறந்து, மாதாவைக் கும்பிட்டு, திகதியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுத்தான் அவன் வேலை தொடங்குவான். பார்க்கிறவர்கள் சிரிக்காமல் இருக்க மாதாவை அதன்மேல் ஒட்டினான்.

"அப்ப மாத்துங்கோ!" பரீனா கதிரையில் இருந்து பாதி எழும்பிவிட்டாள். "திகதியைச் சரியாக்கினால் முடிஞ்சுது!"

"மாத்தினால் ஆல்பம் புரோகிராம் செத்துது. ஒருக்கா உண்மைத் திகதியைக் கண்டுதெண்டால் பிறகு என்ன பொய் சொன்னாலும் நம்பாது. அந்தோனிமுத்து ஐயாவின்ர மகளின்ர கலியாணம் பாதியிலை உள்ளுக்குக் கிடக்கு. மனுசன் பின்னேரம் எடுக்க வாறார்."

"மகளுக்குக் கலியாணம் முடிஞ்சுது, ஆல்பம் பிந்தலாம்," என்றார் இன்சாப் நானா. "என்ர பஸ் இன்னும் முடியேல்ல."

ரொபின்சன் அக்காவின் காலை நினைத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு திகதியை மாற்றினான்.

ஓடவிட்டான். எழுத்துகள் பாய்ந்தன. இறங்குகிறது... இறங்குகிறது... மூன்று பேரும் திரையை நோக்கிக் குனிந்தார்கள். சிவப்பு வரவில்லை. பச்சையாக ஒரு சொல் வந்தது. பரீனாவின் போனில் செயலி திறந்தது. முதலில் நீலமாகக் கடல், பிறகு கரை, பிறகு நூல் போல வீதி. நூலின் மேல் ஒரு சிவப்புப் புள்ளி.

"வந்திருச்சு! வந்திருச்சுங்க!" ரொபின்சன் மண்டபத் தமிழில் துள்ளினான். கம்பு சரிந்து டொங்கிள் யன்னலில் அடித்தது. அதையும் பொருட்படுத்தவில்லை. "சூப்பருங்க!"

இன்சாப் நானா போனைப் பறித்து மூக்கருகில் பிடித்தார். "இது கொண்டச்சியெல்லோ? ஏன் அசையுதில்லை?"

சாரதி றஊப்புக்கு அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"றஊப், எங்க நிக்கிறாய்?"

"இந்தா நானா, சிலாவத்துறை தாண்டிட்டன். ரோட்டு நிறைய மாடு!"

புள்ளி சிலாவத்துறைக்கு முன்னமே, கொண்டச்சியில் அசையாமல் நின்றது. பரீனா வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள்.

"அது... எங்கட வீடு, நானா."

"என்ன?"

"றஊப் மாமா உம்மாட தம்பி. காலமையிலை உம்மா இடியப்பம் அவிச்சு வைப்பா."

இன்சாப் நானா கொஞ்சம் யோசித்தார். பிறகு போனுக்குள் இனிமையாகக் கேட்டார்: "றஊப், இடியப்பத்துக்கு இண்டைக்கு என்ன கறி?"

அந்தப் பக்கம் தட்டு ஒன்று வைக்கப்படுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"...சூடைமீன், நானா."

"வாயைத் துடைச்சிட்டு ஏறு."

புள்ளி துடித்தது. நகர்ந்தது! ரொபின்சன் அக்காவுக்கு அழைத்தான். "அக்கா, இப்பதான் கொண்டச்சியிலை வெளிக்கிடுது. ஆறுதலாத் தேத்தண்ணியைக் குடி. நான் சொல்லேக்க வா."

"மெய்யாத்தானா? இருந்து குடிக்கட்டோ?"

"கால் ரெண்டையும் நீட்டி வைச்சுக் குடி."

பஸ் உண்மையாகவே சிலாவத்துறையைத் தாண்டியபோது அவளை வெளிக்கிடச் சொன்னான். அவள் தரிப்பிடத்துக்கு நடந்து போய்ச் சேலையைச் சரிசெய்யவும் பஸ் வந்து நிற்கவும் சரியாக இருந்ததாம்.

"போன் பஸ்ஸிலையே கிடக்கட்டும்," என்றார் இன்சாப் நானா. ரீவியைப் பற்றிப் பேச்சே இல்லை. வாசல்வரை போனவர் பரீனாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். "என்ன மகள்?"

"மாமா இனி எங்கட வீட்டுப் பக்கம் வரமாட்டார். உம்மா என்னைத்தான் ஏசுவா."

"உங்கட வீட்டடியிலை நாலு சனம் ஏறுந்தானே? அதையும் ஒரு தரிப்பிடமாப் போட்டுவிடு." இறங்கி மோட்டார்சைக்கிளை உதைத்தார். "உம்மாட்டச் சொல்லு, எனக்கும் ஒரு நாளைக்கு."

பரீனா சிரித்துக்கொண்டே தன் வீட்டு வாசலில் ஒரு தரிப்பிடம் குறித்தாள். ரொபின்சன் அந்தப் பக்கம் ஆல்பம் புரோகிராமைத் திறந்து பார்த்தான். அது தவணை முடிந்தது என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மூடிக்கொண்டது.

"அந்தோனிமுத்து ஐயாவுக்கு என்னெண்டு சொல்லப்போறீங்கள்?"

"வழமையா, ஆல்பம் மன்னாரிலை இருந்து வருது, பஸ் பிந்திப்போச்செண்டுதான் சொல்லுறனான்." ரொபின்சன் தலையில் கை வைத்தான். "இனி அதையும் சொல்ல ஏலாது."