விழும்போது சைபர்

இரவு ஷிஃப்ட் முடிந்து நேராகப் பூங்காவுக்கு வந்திருந்தேன். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். போன வாரம் அப்படித்தான் படுத்து, பூங்காவில் என்ன அளக்கப் போகிறோம் என்று விளக்கிய வகுப்பையே தவறவிட்டேன்.

மே மாதம் வந்தால் எங்கள் ஊர்ப் பூங்கா இயற்பியல் நாள் நடத்தும். அன்றைக்கு உள்ளே பள்ளிக்கூடங்கள் மட்டும்தான். ராட்டினத்தில் ஏறுகிற ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு பச்சை மேலங்கி கொடுப்பார்கள். அதன் நெஞ்சுப் பையில் மீட்டர் இருக்கும். நம்மை எது எவ்வளவு அழுத்துகிறது என்பதை அது கோடாக வரைந்துகொண்டே போகும். சும்மா உட்கார்ந்திருந்தால் கோடு ஒன்று என்ற எண்ணில் நிற்கும். ரயில் வளைவில் திரும்பினால் இரண்டு, மூன்று என்று ஏறும். பிள்ளைகள் கையில் நூலில் கட்டிய பொம்மைகளையும் தண்ணீர்க் குவளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது வகுப்பில்லாத ஒரு நாள்.

எனக்கு அது கடைசி வாய்ப்பு. பதினெட்டு வயதில் பள்ளியை விட்டவன் நான். அன்றிலிருந்து பார்சல் கிடங்கில் இரவு வேலை. போன குளிர்காலத்தில் நின்றபடியே தூங்கி, ஓடுகிற பெல்ட்டின் மேல் விழுந்தேன். கை தப்பியது. இன்னொரு முறை தப்பும் என்று நம்ப எனக்குக் காரணம் எதுவும் இல்லை. ரயில்வே சிக்னல் பராமரிக்கும் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. பகல் வேலை. ஆனால் இயற்பியலில் தேர்ச்சி வேண்டும். பெரியவர்கள் படிக்கும் பள்ளியில் சேர்ந்து, எழுதிய தேர்வுகளில் எல்லாம் தோற்றேன். மிச்சம் இருந்தது இந்தப் பூங்கா அளவீடு மட்டும். அதையும் கோட்டைவிட்டால் இடம் வேறொருவனுக்குப் போய்விடும். மதிப்பெண் மறுநாள் பதிவாகிறது.

இருக்கையோடு மேலே தூக்கிப்போய்த் தடாலென்று கீழே விடுகிற விழும் கோபுரத்தின் உச்சியில் எங்கள் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. பக்கத்து இருக்கையில் ஹெட்விக். அளவீட்டுக்கு என்னோடு ஜோடி சேர்க்கப்பட்டவள். இருபது வயது. மருத்துவம் படிக்க மதிப்பெண் போதாமல் அதே பாடத்தை மறுபடி எடுப்பவள். தேர்ச்சி அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை, மேல் தரம்தான் வேண்டும்.

"ஸ்டெல்லன், தூங்கறியா?"

"கண்ண மூடியிருக்கேன்."

"குறட்ட விட்டுடாத. அதையும் மீட்டர் வரைஞ்சிடும்."

"நீ பயப்படறதையும்தான் வரையும்."

"நானா? நான் ஏன் பயப்ப..."

இருக்கை கழன்றது. வயிறு மேலேயே நின்றுவிட்டது. காது அடைத்தது. ஹெட்விக் தன் தாயையும் பிறகு சாத்தானையும் கூப்பிட்டாள். பிறகு பிரேக் பிடித்து உடம்பு இருக்கைக்குள் அமுங்கியது. அவ்வளவுதான். கோபுரத்தில் ஒரு குழுவுக்கு ஒரே ஒரு முறை. வெளியே வரிசை வாசல் வரை நின்றது.

கீழே இறங்கியதும் என் மேலங்கிப் பையிலிருந்து மீட்டரை எடுத்துப் பார்த்தேன். கோடு ஒன்றில் நேராக வந்து, நாங்கள் விழுந்த இடத்தில் அப்படியே தரைக்குப் போயிருந்தது. சைபர். பிரேக் பிடித்த இடத்தில் மறுபடி உயிர் வந்து மேலே குதித்திருந்தது.

அவ்வளவு வேகமாக விழுந்திருக்கிறோம், சைபராம்.

கிடங்கில் என் வேலை தராசு. பார்சலை வைத்து, எடையைப் பார்த்து, தள்ளிவிட வேண்டும். பெட்டி மேலே இருக்கும்போது தராசு சைபர் காட்டினால் தராசில் கோளாறு. யோசிக்கக் கூடாது. அழித்துவிட்டு மறுபடி எடை போட வேண்டும். சேர்ந்த முதல் நாள் இதைத்தான் சொல்லித் தருவார்கள். இத்தனை வருடத்தில் அந்த வேலையை மூளை செய்வதில்லை, கட்டைவிரல் செய்கிறது.

மீட்டரில் 'அழி' என்று ஒரு பொத்தான் இருந்தது. நிச்சயமா என்று அது கேட்டது. நிச்சயம்தான் என்று அழுத்தினேன்.

ஹெட்விக் தலைமுடியைக் கட்டிக்கொண்டே வந்தாள். "எங்க, காட்டு."

"சைபர் காட்டிச்சு. அழிச்சிட்டேன். இன்னொரு தடவ கேட்டு ஏறிக்கலாம்."

அவள் முகம் வெளுத்தது. கோபுரத்தின் மேல்கூட அப்படி வெளுக்கவில்லை.

"என்ன பண்ணின?"

"கெட்டுப்போச்சு ஹெட்விக். விழும்போது சைபர்னு..."

"சைபர்தான்டா வரணும்! புத்தகத்துல கொட்டை எழுத்துல போட்டிருக்கு! சைபர் வந்துச்சுன்னா சரியா விழுந்திருக்கோம்னு அர்த்தம்!"

"ஏன் சைபர்?"

"ஏன்னா சைபர்! அது விதி! எனக்கென்ன தெரியும் ஏன்னு? நீ வகுப்புக்கு வந்திருந்தா மரிட் டீச்சரக் கேட்டிருக்கலாம். தூங்குமூஞ்சி! உன்னோட ஜோடி போட்டாங்களே, என் தலையெழுத்து."

 

கோபுரத்தை இயக்கும் பெண்ணிடம் ஓடினேன். சிவப்புக் கொடி ஒன்றை அவள் சங்கிலியில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு தடவ. நான் மட்டும். காலி இருக்கை இருந்தாப் போதும்."

"காத்து ஏறிடுச்சுங்க. கோபுரம் நிறுத்தியாச்சு."

"எப்பத் தொறப்பீங்க?"

"காத்த கேளுங்க."

"என் வேலையே இதுலதான் இருக்கு. கொஞ்சம் புரிஞ்சுக்கங்க."

"என் வேலையும் இதுலதாங்க இருக்கு." அவள் சிரிக்கவில்லை. வரிசையில் நின்ற பிள்ளைகளைக் கலைக்கப் போய்விட்டாள்.

கடலிலிருந்து வந்த காற்று குப்பைத்தொட்டி மூடிகளைத் தட்டிக்கொண்டிருந்தது. ஆலங்கட்டி மழை வேறு கொஞ்சம் கொட்டிவிட்டு நின்றது. எங்களுக்கு முன் கோபுரம் ஏறிய குழுவிடம் போய் உங்கள் மீட்டர் வரைந்த கோட்டைத் தாருங்கள் என்று கேட்டேன். பையன்களில் ஒருவன் தரத் தயாராக இருந்தான். ஆனால் ஒவ்வொரு கோட்டின் மூலையிலும் இருக்கை எண் விழுந்திருந்தது. போன வருடம் ஒரே கோட்டை ஐந்து குழுக்கள் கொடுத்ததால் செய்த ஏற்பாடாம்.

மரிட் காபிக் கடை வாசலில் அட்டைக் குவளையோடு நின்றாள். எங்கள் ஆசிரியை. என்னைவிட ஐந்தாறு வயது இளையவள். குழுக்கள் திருப்பித் தந்த மீட்டர்களை ஒரு பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். ஹெட்விக் பக்கத்தில் நின்று, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பிறகு, "இவன்தான், நானில்ல" என்று சேர்த்துக்கொண்டாள்.

மரிட் குவளையைக் கீழே வைத்தாள். "அழிச்சதுல என்ன இருந்துச்சு?"

"விழுந்தப்ப சைபர்."

"ஏன் அப்படி வந்துச்சுன்னு தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"ஸ்டெல்லன், நீ பாத்தேங்கறத நான் நம்பறேன். ஆனா நம்பிக்கைக்கு என்னால மதிப்பெண் போட முடியாது. அளவு வேணும், ஏன்னு காரணமும் வேணும். ரெண்டுல ஒண்ணுகூட உங்கிட்ட இல்லையே."

"மரிட், கெஞ்சிக் கேக்கறேன். நாளைக்குப் பதிவாயிடும்."

"எனக்கும் தெரியும்." அவள் கோபுரத்தைப் பார்த்தாள். கொடி படபடத்தது. "விழறத அளக்கணும். அவ்வளவுதான். கோபுரத்துலதான் விழணும்னு நான் எங்கயும் எழுதல. பஸ் கிளம்பறதுக்குள்ள எதையாவது விழவச்சு அளந்து காட்டு. ஆனா மீட்டரக் கேக்காத. உடைஞ்சா பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்லணும்."

அவள் போனபின் என் போனை எடுத்தேன். வகுப்பில் எல்லோரையும் ஒரு செயலி இறக்கிக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மீட்டர் செய்வதை அதுவும் செய்யும். நான் அதுவரை திறந்ததே இல்லை. திறந்து உள்ளங்கையில் வைத்தேன். கோடு ஒன்றில் நின்றது.

"உன் போனத் தூக்கிப் போடப் போறியா?" என்றாள் ஹெட்விக்.

"உன்னோடதத் தரியா?"

"மூஞ்சியப் பாரு."

ஓடையின் மேல் ஒரு நடைபாலம் இருந்தது. அதன் ஒரு முனை புல் மேட்டின் மேல் வரும். கீழே நின்று ஏந்தலாம். என் வேலை ஜாக்கெட்டைக் கழற்றி ஹெட்விக்கிடம் கொடுத்தேன். ஒருத்தியால் விரிக்க முடியாது என்று, கோட்டைத் தரத் தயாராக இருந்த அந்தப் பையனை அவளே இழுத்து வந்தாள். இருவரும் ஜாக்கெட்டை விரித்துப் பிடித்தார்கள். நான் பாலத்தின் கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் போனை விட்டேன்.

முதல் முறை ஜாக்கெட்டில் சரியாக விழுந்தது. ஆனால் விடும்போது என் விரல் திரையில் பட்டுச் செயலி நின்றிருந்தது. ஒன்றும் பதிவாகவில்லை.

அடுத்த முறை பதிவானது. ஆனால் போன் பம்பரமாகச் சுற்றிக்கொண்டு விழுந்ததால் கோடு சைபருக்கும் ஒன்றுக்கும் நடுவே நெளிந்தது.

"இது என்னது, புழுவா?" என்று கீழிருந்து ஹெட்விக் கத்தினாள். "மரிட் இத ஒத்துக்க மாட்டா. சுத்தாமப் போடு."

"எப்படிச் சுத்தாமப் போடறது?"

"நீதான பார்சல்காரன்! கட்டு!"

இறங்கிப் போய்ப் போனை வாங்கி வந்து, தலையிலிருந்த கம்பளிக் குல்லாயைக் கழற்றி, போனை அதற்குள் வைத்து இறுக்கிச் சுருட்டினேன். வாகன நிறுத்தத்தில் எங்கள் பள்ளியின் பஸ் ஹாரன் அடித்தது. பாலத்தில் நின்ற பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி படம் எடுத்தாள். எடுக்கட்டும். கையை நீட்டினேன், காற்று கொஞ்சம் ஓயட்டும் என்று நின்றேன். அப்போதுதான் அது மண்டையில் ஏறியது.

உருண்டையாகச் சுருட்டிய குல்லாய் என் உள்ளங்கையை அழுத்திக்கொண்டிருந்தது. என் கை அதைத் தாங்கிக்கொண்டிருந்தது. கையில் இருக்கும்வரை உள்ளே கோடு ஒன்றில் நிற்கும். தராசும் அப்படித்தான். பெட்டி அழுத்துகிறது, தராசு தாங்குகிறது, எண் வருகிறது. தராசையும் பெட்டியையும் ஒன்றாக இந்தப் பாலத்திலிருந்து தள்ளிவிட்டால்? இரண்டும் சேர்ந்தே விழும். பெட்டி எதை அழுத்தும்?

விட்டேன்.

ஓயாத காற்று குல்லாயை ஒதுக்கியது. ஜாக்கெட்டின் ஓரத்தில் பட்டு, பையனின் கையில் மோதி, மேட்டில் கிடந்த கல்லின் மேல் விழுந்தது. சத்தம் எனக்கு மேலே வரை கேட்டது.

"ஐயையோ," என்றான் பையன்.

படிகளில் இறங்கினேனா விழுந்தேனா என்று நினைவில்லை. ஹெட்விக் குல்லாயைப் பிரித்து வைத்திருந்தாள். திரை முழுக்கச் சிலந்தி வலை. தொட்டால் எதற்கும் அசையவில்லை. ஆனால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விரிசல்களுக்குப் பின்னால் கோடு தெரிந்தது. ஒன்றில் கொஞ்ச தூரம். பிறகு தரையோடு தரையாக, நெளியாமல், சைபர். பிறகு கல்.

"ஓடு," என்றாள். "அணையறதுக்குள்ள ஓடு!"

புதுக் கோடு பழைய கோட்டை இடதுபக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் போனால் சைபர் திரையை விட்டே வெளியேறிவிடும். நிறுத்த வழியில்லை. போனை அப்பம் சுட்ட தட்டைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினேன். யாருடைய சாசேஜையோ தட்டிவிட்டேன். பின்னால் ஹெட்விக் எனக்காக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

மரிட் பஸ் படியில் ஒரு காலை வைத்திருந்தாள். போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். குனிந்து பார்த்தாள். விரிசல்களுக்கு நடுவே திரையின் ஓரத்தில் அந்தத் தட்டையான துண்டு பாதிதான் மிச்சம் இருந்தது. தன் போனில் அதை ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

"அளவு சரி. ஏன் சைபர்?"

ஹெட்விக் வாயைத் திறந்தாள். மரிட் அவளைப் பார்த்து விரலை உயர்த்தினாள்.

மூச்சு வாங்கியது. "தாங்கறதுக்கு எதுவும் இல்ல."

"புரியற மாதிரி சொல்லு."

"எங்க கிடங்குல தராசு இருக்கு. பூமி இழுக்கறதத் தராசு அளக்கல. பெட்டிய எவ்வளவு தாங்குதோ அதத்தான் அளக்குது. தராசையும் சேத்து விழவச்சா பெட்டி அத அழுத்தாது. அப்ப சைபர். தராசு கெட்டதால இல்ல."

"அப்ப விழும்போது பூமி இழுக்கறது நின்னுபோச்சா?"

கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் தூங்கிவிடுவேன் என்று பயந்து திறந்தேன்.

"இல்ல. இழுக்கறதாலதான விழுது. இழுக்கறது அப்படியே இருக்கு. தாங்கறதுதான் போயிடுச்சு. மீட்டருக்குத் தாங்கறது மட்டும்தான் தெரியும்."

பஸ் டிரைவர் மறுபடி ஹாரன் அடித்தான். மரிட் திரும்பி, "வரேன்யா, செவிடு இல்ல நான்" என்றாள். பிறகு என்னிடம், "தேர்ச்சி. அதுக்கு மேல ஒரு படிகூடக் கேக்காத."

"கேக்கல."

"எனக்கு?" என்றாள் ஹெட்விக்.

"உனக்கு ஏன்னு கேட்டா விதின்னு சொல்லுவ. இன்னிக்கு ராத்திரிக்குள்ள எழுதிக் குடு, பாக்கலாம்."

பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. தூக்கம்தான் வந்தது. அன்று இரவும் ஷிஃப்ட் இருந்தது. சிக்னல் படிப்பு தொடங்கும்வரை எல்லா இரவும் இருக்கும். அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என்னை எழுப்புகிற அலாரம் அந்தப் போனில்தான் இருக்கிறது.

"ஹெட்விக், எங்க வீட்ல தரைவழி போன் இருக்கு. சாயங்காலம் ஒரு தடவ அடிச்சு எழுப்பிவிடறியா?"

"நான் என்ன நீ வளக்கற சேவலா?"

"இன்னிக்கு ஒரு நாள்."

"நம்பரச் சொல்லு, தூங்குமூஞ்சி."

சொன்னேன். அவள் குறித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். உடைந்த போன் என் தொடை மேல் கிடந்தது. செயலியை மூட முடியவில்லை, திரை கேட்கவில்லை. பஸ் குலுங்கும்போதெல்லாம் கோடு கொஞ்சம் ஏறி, கொஞ்சம் இறங்கி, ஒன்றுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. பேட்டரி தீரும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.