செருப்புக்கடைக்காரி வீட்டுத் தரை

எங்கள் ஊரில் ஒருவன் வெளியே போய் இன்னொருத்தியோடு படுத்துவிட்டு வந்தால், அவளுடைய ஈரக் காலடிகளும் அவன் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடும். ஆளைக் காணமுடியாது, சத்தமும் இருக்காது. வாசற்படியிலிருந்து கட்டில்வரை பாதங்கள் மட்டும் பதிந்திருக்கும். வெயில் ஏறியதும் காய்ந்துவிடும், மறுநாள் காலையில் மறுபடி இருக்கும். பெண்கள் போய்வந்தாலும் இதே கதைதான், பின்னால் வரும் பாதம் கொஞ்சம் அகலமாக இருக்கும், அவ்வளவுதான். தபால்காரர் வீட்டுக்கு ஒருத்தியின் காலடி வரத் தொடங்கியபோது, அவர் மனைவி வாசலில் ஒரு சாக்கைப் போட்டு, "வர்றதுதான் வர்ற, காலைத் துடைச்சிட்டு வாடி" என்று காற்றைப் பார்த்துத் திட்டினாள். வருகிறவள் கேட்கவில்லை. எல்லோர் பின்னாலும் காலடி வந்துவிடுமா என்றால் அதுவும் இல்லை. ஏன் சிலருக்கு மட்டும் வருவதில்லை என்று யோசிக்க யாருக்கும் நேரமில்லை. தரை காய்ந்திருந்தால் புருஷன் யோக்கியன், ஈரமாயிருந்தால் அயோக்கியன் என்று ஊர் முடிவு கட்டிவைத்திருந்தது.

அந்த முடிவின்படி ஊரிலேயே பெரிய யோக்கியன் செருப்புக்கடைக்காரியின் புருஷன். லாரி ஓட்டுகிறவன், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். அப்படியிருந்தும் அவள் வீட்டுச் சிமெண்டுத் தரை கல்யாணமான நாளிலிருந்து காய்ந்தே கிடந்தது. அவளுக்கு அதில் அப்படியொரு பெருமை. கடைக்கு வரும் பெண்களின் காலை மடியில் வைத்து அளவெடுத்துக்கொண்டே, "உங்க வீட்ல நேத்து ஈரமாமே?" என்று ஒன்றும் தெரியாதவள் போலக் கேட்பாள். ஆனால் பெருமையால் பொறாமை அடங்கிவிடவில்லை. அவன் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊறவைப்பாள். எந்த ஊர்க் கடையில் டீ குடித்தான், போட்டுக்கொடுத்தது ஆணா பெண்ணா என்று கேட்பாள். லாரியைக்கூட அவளுக்குப் பிடிக்காது. தன்னைத் தடவியதைவிட அதன் ஸ்டியரிங்கைத்தான் அதிகம் தடவியிருக்கிறான் என்று ஒருமுறை சொல்லி அழுதாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லாரியைக் கழுவப் போனவள், டிரைவர் சீட்டுக்கு மேலே இருந்த பெட்டியில் ஆணுறைப் பாக்கெட்டுகளைக் கண்டாள். பாதி காலியாகியிருந்தது. சாதாரணமாக அவனை "என்னங்க" என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு அவள் "யோவ்" என்று கத்தியதில் தெருமுனைவரை சன்னல்கள் திறந்தன. கிளீனருடையது என்றான். "கிளீனரோடது உன் தலைக்கு மேல எதுக்குய்யா இருக்கு?" என்றாள். தோல் வெட்டும் கத்தரியை எடுத்து, ஒவ்வொன்றாக, வார் அறுப்பது போலப் பொறுமையாக அறுத்துப் போட்டாள். இனிமேல் இந்தச் சனியன் வண்டியில் இருக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினாள். பாக்கெட் இல்லாவிட்டால் போகமாட்டான் என்பது அவள் எண்ணம். ஊரில் யாராயிருந்தாலும் அப்படித்தான் எண்ணியிருப்பார்கள். ஆணுறை என்றாலே எங்களுக்குக் கள்ளத்தனத்தின் சாமான். கட்டின பெண்டாட்டியிடம் அதை எடுத்தால், நீ யார் என் மேல் சந்தேகப்பட என்று அவளே சண்டைக்கு வருவாள்.

லாரிக்காரன் சத்தியத்தைக் காப்பாற்றினான், பாவி. பாக்கெட் வாங்குவதை நிறுத்திவிட்டான். போவதை நிறுத்தவில்லை.

அடுத்த நடை போய்வந்த மறுநாள் காலை அவள் வீட்டுத் தரையில் ஈரம் இருந்தது. சின்னப் பாதம். இடது சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறியிருந்தது. குதிகாலை அழுத்தி ஊன்றுகிறவள், நாளெல்லாம் நின்று வேலை செய்கிறவளாக இருக்கவேண்டும். இவ்வளவையும் செருப்புக்கடைக்காரி ஒரே பார்வையில் தெரிந்துகொண்டாள், தெரிந்துகொண்டதால் வயிறு இன்னும் எரிந்தது. அந்தப் பாதத்தின் வளைவு தன்னுடையதைவிட அழகாக இருந்ததை அவளால் பொறுக்கவே முடியவில்லை. டேப் எடுத்து அளந்தாள். வந்தவள் கண்ணாடி முன் நின்றிருக்கிறாளா, அடுப்படிக்குப் போயிருக்கிறாளா, கட்டிலின் எந்தப் பக்கம் நின்றாள் என்று மண்டியிட்டுத் தேடினாள். புருஷனைப் பிடித்து உலுக்கியதில், நெடுஞ்சாலைச் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவள் என்றான். பெயர் கேட்டாள். தெரியாது என்றான். "பேருகூடத் தெரியாதவளுக்காகவா என்னை இப்படி வேக வச்ச?" என்று அவன் முதுகிலேயே நாலு போட்டாள். அதற்குப் பிறகும் அவனைப் படுக்கையிலிருந்து தள்ளிவைக்கவில்லை. அதுதான் பொறாமையின் கூத்து. அவளிடம் போனவன் தன்னிடம் வராமல் இருந்தால் அது அவள் ஜெயித்ததாகிவிடுமே என்று, முன்னைவிட அதிகமாகவே பக்கத்தில் சேர்த்துக்கொண்டாள்.

மழைக்காலம் முடிவதற்குள் சின்னப் பாதத்துக்குப் பின்னால் வேறு பாதங்களும் வரத் தொடங்கின. முதலில் ஆண்கள். ஊரில் பாதிப் பேர் காலை மடியில் வைத்து அளந்தவள் ஆயிற்றே, தட்டையாகப் பதிந்திருந்த ஒன்றைப் பார்த்ததுமே தபால்காரர் என்று தெரிந்துவிட்டது. அவர் பின்னால் அவர் மனைவியின் கால். அடையாளம் தெரியாத ஆண்கள், அவர்கள் பின்னால் அவர்கள் பெண்டாட்டிகள், அந்தப் பெண்டாட்டிகளில் ஒருத்தியின் பின்னால் இன்னொருவன். ஒருத்தி வருகிறாள் என்று நினைத்தால் ஒரு ஊரே வந்து நின்றது. தபால்காரர் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவள் குனிந்து சுண்டுவிரலைப் பார்த்துவிட்டு, "அட, இவ எங்க வீட்டுக்கும் வந்தவதான்டி" என்றாள். செருப்புக்கடைக்காரிக்கு அதைக் கேட்டும் பொறாமைதான் வந்தது. "முதல்ல உன் வீட்டுக்கா வந்தா?" என்றாள்.

ஒரு நாள் காலை அந்த வரிசையின் கடைசியில், அடுப்படிப் பக்கம் திரும்பி நின்ற ஒரு ஜோடியைக் கண்டாள். வலது பெருவிரலின் அடியில் உளி கிழித்த தழும்பு, அகன்ற முன்பாதம். யாருடையது இது, எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். ஊரில் பாதிப் பேர் காலை அளந்தவள் தன் காலை மட்டும் அளந்ததில்லை. மெதுவாகத் தன் வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள். சரியாகப் பொருந்தியது. அவள் கால் காய்ந்திருந்தது, தடம் ஈரமாயிருந்தது. கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக அவளுக்குப் பொறாமை போய்ப் பயம் வந்தது. இத்தனை பேரைத் தொட்டது எதுவாயிருந்தாலும் தன்னிடமும் வந்திருக்கும் என்று, புருஷனை இழுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள்.

அங்கே நர்ஸம்மா இருவருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தாள். இருவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. மாத்திரையைத் தினமும் விடாமல் சாப்பிட்டால் மற்றவர்களைப் போல வாழலாம், ரத்தத்தில் கிருமி தெரியாத அளவுக்குக்கூட அடங்கிவிடும் என்று சொல்லி, முதல் டப்பாவைக் கொடுத்தாள். தரையைப் பற்றிக் கேட்டதும் அவள் பெருமூச்சு விட்டாள். "காஞ்ச தரைன்னா யோக்கியன்னு யாரும்மா சொன்னது? உறை போட்டா காலடி வராது. அவ்வளவுதான்." கூட வருகிற எல்லோருக்கும் நோய் வந்திருக்கவேண்டும் என்பதில்லை, ஆனால் எல்லோரும் ரத்தம் பார்த்துவிடவேண்டும் என்றாள்.

செருப்புக்கடைக்காரி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "என் கையாலதானே அறுத்துப் போட்டேன்" என்றாள்.

"போனது அவரு. நீ கோபப்பட்ட. ரெண்டும் ஒண்ணு இல்ல" என்றாள் நர்ஸம்மா. லாரிக்காரன் அந்த அறையின் மூலையில் அழுதுகொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு அவள் வீடு வீடாகப் போனாள். "உங்க கால் என் வீட்டுத் தரையில இருக்கு, போய் ரத்தம் பாருங்க" என்றாள். சிலர் கதவைச் சாத்தினார்கள், ஒருவன் அடிக்க வந்தான், பலர் போனார்கள். தபால்காரருக்கு இருந்தது, அவர் மனைவிக்கு இல்லை. அவள் மறுநாளே ஒரு பாக்கெட்டைத் தலையணைக்குக் கீழே வைத்து, "இது இல்லாம கிட்ட வந்தா பாரு" என்றாள். செருப்புக் கடையில் ஆண்களுக்கு விற்கும் ஒவ்வொரு ஜோடியிலும் இடது செருப்பின் முனையில் ஒரு பாக்கெட் இருந்தது. வாங்குகிறவனும் கேட்பதில்லை, கொடுக்கிறவளும் சொல்வதில்லை. செருப்பு பிய்ந்துவிட்டது என்று ஆண்கள் அடிக்கடி வந்தார்கள்.

சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவளுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. செருப்புக்கடைக்காரி அவளுக்கு ஒரு ஜோடி செருப்பு தைத்து, ரத்தம் பார்க்க வேண்டிய இடத்தையும் சொல்லச்சொல்லி, புருஷனிடமே கொடுத்தனுப்பினாள். நல்ல தோல், சுண்டுவிரலுக்குத் தனி இடம் விட்டு, அந்த அழகான வளைவுக்கு ஏற்ற அடிப்பாகம் வைத்துத் தைத்தது. ஆனால் வலது வாரை வேண்டுமென்றே அரை விரல் இறுக்கித் தைத்திருந்தாள். என்ன இருந்தாலும் மனசு கேட்கவேண்டாமா? கொஞ்ச நாளில் தரையில் வெறும் பாதத்துக்குப் பதில் ஈரச் செருப்புத் தடம் விழுந்தது, வலது பக்கம் நொண்டி நொண்டி. அன்று அவள் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

பிறகு ஒருநாள் ஒருத்தி கடைவாசலில் வந்து நின்றாள். முகத்தைப் பார்க்குமுன் காலைப் பார்த்தாள் செருப்புக்கடைக்காரி.

"செருப்பு கடிக்குதுக்கா" என்றாள் வந்தவள். வலது காலில் புண்.

"நான் உனக்கு அக்காவா?" என்று சீறிவிட்டு, செருப்பைப் பிடுங்கினாள். வாரைப் பிரித்தாள். குனிந்த தலை நிமிராமலேயே, "மாத்திரை வாங்கிட்டியா?" என்றாள்.

"வாங்கிட்டேன். தினமும் போடுறேன்."

"விடாம போடு." வாரை அரை விரல் தளர்த்தித் தைத்து, புண்ணில் படும் இடத்துக்கு மெத்தென்று துணியும் ஒட்டிக் கொடுத்தாள். கூலி வாங்கவில்லை. பெயரையும் கேட்கவில்லை.

காலடிகள் இன்றும் வருகின்றன, இப்போது நொண்டாமல் நேராக. தரையைத் துடைப்பது லாரிக்காரன் வேலை. மாத்திரையை விழுங்கிவிட்டு, வாளியும் துணியுமாக அவன் வாசற்படியிலிருந்து தொடங்குவான். செருப்புக்கடைக்காரி கதவோரம் நின்று, அந்தச் சின்னக் காலடி வரும்போது மட்டும் துணி கொஞ்சம் மெதுவாகப் போகிறதா என்று தினமும் பார்த்துக்கொண்டிருப்பாள்.