முப்பத்தெட்டுக்குக் கீழே

காலையிலிருந்து அந்த நர்ஸ் தனக்குத்தானே ஒன்பது முறை ரத்த அழுத்தம் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் எண் ஏறியது. ஒன்பதாவது முறை டாக்டரம்மா கையும் களவுமாகப் பிடித்தார்.

"நூத்தி அம்பத்திரண்டா? பாத்துப் பாத்தே ஏத்தியிருக்க. பட்டையக் கழட்டிக் குடு."

அவளுக்கு இது கர்ப்பத்தின் முப்பத்திரண்டாவது வாரம். முதல் குழந்தையை இதே அழுத்தத்துக்குப் பயந்து முப்பத்தோராவது வாரத்தில் வெளியே எடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் நாற்பத்தாறு நாள். மகனுக்கு இப்போது நான்கு வயது, வீட்டையே இரண்டாக்குகிறான். ஆனாலும் அந்தப் பெட்டிக்கு முன்னால் இன்னொரு தடவை நிற்க அவளுக்குத் தெம்பில்லை.

"இந்தக் குழந்தையையும் முன்னாடியே எடுத்துடுவீங்களா டாக்டர்?"

"உன் ரத்தத்தைக் கேட்டுட்டுச் சொல்றேன்."

நஞ்சுக்கொடி சிரமப்படத் தொடங்கினால் தாயின் ரத்தத்தில் ஒரு புரதம் கூடும், இன்னொன்று குறையும். ஒன்றை மற்றொன்றால் வகுத்து வரும் எண் முப்பத்தெட்டைத் தாண்டாவிட்டால், அடுத்த ஒரு வாரத்துக்குள் ஆபத்து முற்றுவது அபூர்வம். எத்தனையோ பெண்களுக்கு இதைச் சொல்லித் தேற்றியவள், இன்று ஆய்வக வாசலிலேயே சுற்றிச் சுற்றி வந்தாள்.

"அக்கா, நீங்க எட்டிப் பாத்தா மெஷின் சீக்கிரம் குடுத்துடுமா? போய் உக்காருங்க," என்று விரட்டிய ஆய்வகக்காரியே கடைசியில் தாளோடு வெளியே வந்தாள். "இருபத்தொண்ணு."

"ட்யூப் மாறிடலயே?"

"உங்க கையெழுத்து, உங்க பேரு. மாறினா நீங்கதான் மாறியிருக்கணும்."

டாக்டரம்மா மாத்திரை எழுதினார். "வீட்டுக்குப் போ. செவ்வாக்கிழமை மறுபடி ரத்தம். பி.பி.ய காலையும் சாயங்காலமும் உன் வீட்டுக்காரர் பாத்து எனக்கு அனுப்பட்டும். நீ பாக்கவே கூடாது. தலைவலி, கண் மங்கல்னா உடனே வந்துடு."

அழைத்துப்போக வந்த கணவன் வெல்டர். மனதில் உள்ளதை மறைக்கத் தெரியாதவன்.

"இவரு மூஞ்சியப் பாத்தாலே எண் தெரிஞ்சிடும் டாக்டர்!"

மறுநாள் காலை பட்டையைச் சுற்றிவிட்டு, பொத்தானை அழுத்துவதற்கு முன் அவன் வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டான். மகன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கும் அடக்க முடியவில்லை.

"சிரிக்காதடி, தப்பாக் காட்டும்," என்றது முகமூடி.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரத்தத்தில் இருபத்தாறு. வாராவாரம் எண் மெல்ல ஏறியது, முப்பத்தெட்டைத் தொடவில்லை. வாராவாரம் டாக்டரம்மா இன்னும் ஒரு வாரம் தந்தார்.

முப்பத்தேழாவது வாரத்தில், குறித்த நாளில், மகள் பிறந்தாள். நல்ல குரல். துணியில் சுற்றி யாரோ தூக்குவதைப் பார்த்து நர்ஸ் பதறினாள்.

"எங்க கொண்டு போறீங்க?"

"எங்கயும் இல்ல," என்றார் டாக்டரம்மா. "கையை நீட்டு."