முப்பது படி

அனிதா மேரிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அரியலூரில் ஒரு சின்ன ஆபீசில் புரோகிராமர் வேலை. கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலை அவள் வைத்துக்கொள்ளும் வேகத்தில் கேட்டால், மற்றவர்களுக்குத் தகரக் கொட்டகையில் மழை பெய்கிற சத்தம்தான் கேட்கும்.

அவளுடைய அண்ணன் டேவிட்ராஜ் முந்திரிக்கொட்டை ஏற்றும் மினி லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். போன வருஷம் சர்க்கரை நோயில் அவருக்குக் கண் போயிற்று. அதன்பிறகு, அனிதாவும் கூடவே இருக்கும் வரதராஜன்பேட்டை வீட்டைவிட்டு அவர் வெளியே வருவதே இல்லை. அண்ணி சுபா டீச்சர். பகலில் பள்ளிக்கூடம் போய்விடுவாள்.

அண்ணனுக்காக அனிதா ஒரு புரோகிராம் எழுதினாள். அன்றைய செய்திகளையும் அவருடைய ஃபோனில் இருந்த நம்பர்களையும் அது தமிழில் வாசிக்கும். மேல் அம்பை அழுத்தினால் குரலின் வேகம் ஒரு படி கூடும், கீழ் அம்பை அழுத்தினால் குறையும். வீட்டுக் கம்ப்யூட்டரில் அவர் பெயரில் தனிக் கணக்கும் திறந்து கொடுத்தாள். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன் தன் கணக்கில் நுழைந்து அவளும் அதில் செய்தி கேட்பாள்.

"எப்படிண்ணே இருக்கு?"

"நல்லாருக்கு பாப்பா."

மூன்று வாரமாக இதே பதில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், ஏதோ ஒரு பிழையைத் தேடி புரோகிராமின் பதிவுகளைத் திறந்தாள். எந்த விசை எப்போது அழுத்தப்பட்டது என்று அதில் வரி வரியாக இருக்கும். தினமும் பத்து மணி வாக்கில் டேவிட்ராஜ் பெயரில் கீழ் அம்பு, கீழ் அம்பு, கீழ் அம்பு. எண்ணிப் பார்த்தாள். முப்பது. மூடுவதற்கு முன் மேல் அம்பு முப்பது. ஒரு நாள் முப்பத்தொன்று அழுத்திவிட்டு, உடனே ஒன்று குறைத்திருந்தார்.

தவறு அவளுடையது. ஆளுக்கு ஆள் மாறுகிற அமைப்பை அந்தந்த ஆளின் கணக்கில்தான் சேமிக்க வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அவளே சொல்வது இது. அப்படியிருந்தும் அவசரத்தில் வேகத்தை எல்லாருக்கும் பொதுவான கோப்பில் எழுதிவிட்டிருந்தாள். அவள் காலையில் விட்டுப்போன வேகம்தான் அவருக்கு வந்திருக்கிறது.

"ஏண்ணே, தெனமும் முப்பது படி எறக்கி, திரும்ப முப்பது படி ஏத்துனியா?"



"காலையில அவசரமா கெளம்புற. தொறந்ததும் அது ஆமையாட்டம் பேசுனா ஒனக்கு லேட்டாவும்ல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"அந்த வேகத்துல எனக்கு ஒண்ணுமே புரியலன்னு ஒனக்குத் தெரிய வேணாம்னு நெனச்சேன்."

அவள் கையை நீட்டி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் மொதல்ல ஒவ்வொரு எழுத்தாத்தான் கேட்டேன். எட்டு மாசம். ஹாஸ்டல்ல படுத்துக்கிட்டு அழுவேன்."

"சொல்லவே இல்லியே?"

"ஒனக்குத் தெரிய வேணாம்னுதான்."

அவர் சிரித்துவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு.

அன்று மத்தியானமே உட்கார்ந்து வேகம், சத்தம், குரல் மூன்றையும் அவரவர் கணக்குக்கு மாற்றினாள். விசைகளைப் பதிவு செய்யும் வரியையும் அழித்துவிட்டு, "இனிமே நீ என்ன அழுத்துறேன்னு எனக்குத் தெரியாது" என்றாள். அவள் கணக்கில் திறந்தால் மழை; அவர் கணக்கில் திறந்தால் நிறுத்தி நிதானமாகப் பேசும் குரல். "இன்னொரு தடவ போடு" என்று கேட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டார் அவர்.

"கொரலையும் மாத்திக்கலாமா?"

"ஒன் இஷ்டம்."

"அப்ப ஆம்பளக் கொரலா வையி. இது ஒங்கண்ணி பாடம் நடத்துற மாரியே இருக்கு."

"கேக்குது!" என்றாள் சுபா அடுப்படியிலிருந்து.

மறுநாள் சாயங்காலம் அனிதா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தபோது வீடு அமைதியாக இருந்தது.

"அண்ணன் எங்க அண்ணி?"

"கூட லாரி ஓட்டுனாரே கலையரசன், அவருக்கு இவராவே ஃபோன் போட்டாராம். அவரு வண்டியில வந்து டீக்கடைக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. நாலு மணிக்குப் போனவங்க, இன்னும் ஆளக் காணும்."