குடும்பம் இல்லாத ஆள்

சேதுராமனைப் பீளமேட்டிலிருந்து மலாக்காவுக்கு வரவழைத்தவர் ரஹீம். அந்த ஊரின் காஜா பெராங் பகுதியில் அவருக்கு லேத்துப் பட்டறை. ரப்பர் ஷீட் அழுத்தும் உருளைகளைக் கடைவதில் சேதுராமன் கெட்டிக்காரன் என்று கேள்விப்பட்டு, தாமே ஜாமீன் நின்று பெர்மிட் வாங்கினார். அந்த நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மூன்றாம் வருஷம் அதைப் புதுப்பிக்கப் போனபோது மறுத்துவிட்டார்கள். இந்த வேலைக்கு உள்ளூரிலேயே ஆள் பழக்கலாமே என்பது காரணம். ரஹீம் விடவில்லை, மேல்முறையீடு செய்தார்.

அந்த வருஷம்தான் மனைவி கமலவேணியை அழைத்துக்கொள்வதாக இருந்தது. கல்யாணமான கையோடு கப்பலேறியவன் சேதுராமன். ரஹீமே பக்கத்துச் சந்தில் அவர்களுக்கென்று ஓர் அறை பார்த்துக் கொடுத்திருந்தார். சேதுராமன் அதற்குச் சுண்ணாம்பு அடித்து, அம்மியும் வாங்கிப் போட்டு, தனியாகக் குடியிருந்தான்.

மேல்முறையீட்டு விசாரணையில் மூவர் உட்கார்ந்திருந்தார்கள். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. பட்டறையில் இரண்டு பேரைப் பழக்கிவருவதாகவும், அவர்கள் கை தேறும்வரை சேதுராமன் வேண்டும் என்றும் ரஹீம் சொன்னார். தலைவர் தலையசைத்துவிட்டு இன்னொன்று கேட்டார். ரஹீம் சட்டென்று பதில் சொன்னார். சொன்னவர் சேதுராமன் பக்கம் திரும்பவே இல்லை.

மொழிபெயர்ப்பாளர் கருணாகரன் குனிந்தார்.

“ஒரு ஆளுக்குப் பெர்மிட் கொடுத்தா பின்னாலேயே குடும்பமும் வந்துடுதாம். உனக்குக் குடும்பமே இல்லைன்னு உன் முதலாளி சொல்றாரு. சரிதானா?”

எல்லாரும் அவனையே பார்த்தார்கள்.

“யாரும் இல்லீங்க,” என்றான்.

பெர்மிட் கிடைத்தது. திரும்பும் வழியில், அந்த இடத்தில் வேறு என்ன சொல்வது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று ரஹீம் சமாதானம் சொன்னார். பட்டறையில் தோளைத் தட்டிச் சிரித்தார்கள். அவன் லேத்துப் பக்கம் திரும்பிக்கொண்டான். உயிரோடு இருக்கிறவளை இல்லையென்று சொல்லிவிட்டு வந்ததை யாரிடம் சொல்லி அழுவது?

மறுவாரம் யாருக்கும் தெரியாமல் கருணாகரனைத் தேடி அவருடைய அலுவலகத்துக்குப் போனான். பெர்மிட் போனால் போகட்டும் என்ற துணிச்சலில் போனான்.

“பொய் சொல்லிப்போட்டேனுங்க. எனக்குச் சம்சாரம் இருக்குது. பேரு கமலவேணி.”

கருணாகரன் சுற்றுமுற்றும் பார்த்தார். இதை வெளியே சொன்னால் முதலாளியும் சேர்ந்து மாட்டுவார் என்றார். பிறகு குரலைத் தணித்தார்.

“குடும்பத்தை அழைக்கக் கூடாதுன்னு உத்தரவுல போட்டாச்சு, தம்பி. இனிமே இருந்தாலும் ஒன்னுதான், இல்லாட்டியும் ஒன்னுதான். போய் வேலையைப் பாரு.”

சொல்லிவிட்டு, அடுத்து நின்றவரைக் கூப்பிட்டார்.

சேதுராமன் பெர்மிட் முடியும்வரை வேலை செய்தான். பட்டறையில் பழகிவந்த தியாகுவுக்கும் உமருக்கும் உருளை கடையக் கற்றுக்கொடுத்தான். கோயில் திருவிழாவுக்குக் கூப்பிட்டாலும் போகமாட்டான். குடும்பத்தோடு வருகிறவர்களைப் பார்க்க அவனால் முடியவில்லை. மறுபடியும் மனுப்போடலாம் என்று ரஹீம் சொன்னபோது, வேண்டாங்க என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டான்.

ரஹீம் துறைமுகம் வரை கூடவே வந்தார். கப்பலேறும் நேரத்தில் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “வீட்டுல நான் கேட்டதாச் சொல்லு, சேது,” என்றார்.

சேதுராமன் தலையை மட்டும் ஆட்டினான்.