எல்லம்மாவின் உப்புச் செம்பு

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். எல்லோரும் அதைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்கள். எல்லம்மா மட்டும் செம்பைக் கையில் எடுத்துவிட்டாள். வம்பு அங்கேதான் ஆரம்பம்.

பழவேற்காட்டுக் குப்பத்தில் அவள் புருஷன் ராஜவேலுவுக்குப் படகு இருந்தவரை, வெள்ளிக்கிழமை தவறாமல் கல்லுப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரைப் படகின் மூக்கில் ஊற்றித் திருஷ்டி கழிப்பாள். அந்தப் பதினோரு வருஷமும் அவன் முழுசாகக் கரை திரும்பினான். பிறகு ஒரு புயலில், கரையில் கட்டியிருந்த படகு சுக்குநூறானது. ஐஸ் லாரி ஓட்டின பழக்கம் அவனுக்கு இருந்ததால், பொன்னேரி தணிகாசலம் தன் அம்பாசடர் வாடகைக் காரை நம்பிக் கொடுத்தார். அது 1972. குப்பத்துக்குள் ஒரு கார் வந்து ராத்தங்கினால் ஊர்க்கண் சும்மா இருக்குமா?

முதல் நாளே ராஜவேலு முன்மூடியைத் திறந்து பேட்டரியைக் காட்டினான். "இந்தக் கறுப்புப் பொட்டிதான் எல்லம்மா வண்டிக்கு உயிரு. இது போச்சுன்னா மத்ததெல்லாம் வெறும் இரும்பு."

அவன் ஏதோ பெருமைக்குச் சொன்னான். அவள் மனசில் முடிந்துகொண்டாள். படகுக்கு மூக்கு என்றால் காருக்கு இந்தப் பெட்டிதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் டீக்கடைக்குப் போனதும் மூடியைத் தூக்கி, பேட்டரியின் தலையில் ஒரு செம்பு உப்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஐந்தாம் வாரம் காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி ஒரு முனகல் முனகி அடங்கிவிட்டது. முதலாளி வேறு பேட்டரி தந்தார். பத்து நாளில் அதற்கும் அதே கதி. சந்தேகமே இல்லை, கண்ணேறுதான் என்று எல்லம்மா வெள்ளிக்கிழமைப் பூசையைத் தினப்பூசை ஆக்கினாள். எரிகிற நெருப்பை அணைக்க மண்ணெண்ணெய் ஊற்றினாளாம் ஒருத்தி, அந்தக் கதைதான். மூன்றாவது பேட்டரியும் படுத்தபோது தணிகாசலத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"ஞாயித்துக்கிழமை பெரியபாளையத்து அம்மன் கோயிலுக்கு ஒரு குடும்பத்தை ஏத்தணும் ராஜவேலு. அன்னிக்கும் வண்டி நின்னா, சாவிய வெச்சிட்டுப் போய்க்கினே இரு."

அன்று ராஜவேலு சோற்றில் கை வைக்கவில்லை. "படகும் போச்சு. இதுவும் போச்சுன்னா நம்ம கதி இன்னா எல்லம்மா?" என்றான். எல்லம்மா மறுநாள் சாயங்காலம் ஒன்றுக்கு இரண்டு செம்பாக ஊற்றினாள்.

வியாழக்கிழமை, பொன்னேரி ஸ்டேஷன் பக்கம் கடை வைத்திருந்த எலெக்ட்ரீஷியன் சாலமோனை ராஜவேலு கூட்டிவந்தான். ஐம்பது வயசு மனிதர், அதிகம் பேசமாட்டார். சின்ன பல்பு ஒன்றைப் பேட்டரியில் வைத்துப் பார்த்தார். மங்கலாக எரிந்தது. பிறகு ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் பேட்டரிக்கும் நடுவில் அதே பல்பைக் கோர்த்தார். எரியவில்லை.

"நிக்கிற வண்டி கரண்டு குடிச்சா இந்த பல்பு எரிஞ்சிருக்கணும். வண்டிமேல தப்பு இல்ல நைனா."

அப்புறம் மீட்டரை எடுத்தார். ஒரு முனையைப் பேட்டரியின் குமிழில் வைத்து, மறுமுனையைப் பேட்டரியின் வெறும் மூடிமேல் நகர்த்தினார். கரண்டு இருக்கவே கூடாத இடத்தில் முள் எழுந்தது. "தலைமேலயே ஓடி வடிஞ்சிக்கினு இருக்குது" என்று குனிந்தார். ஓரமெல்லாம் மஞ்சள் கறை. நடுவில் உப்புப் பொருக்கு.

நிமிர்ந்தவர் கண், வாசற்படியில் கவிழ்த்துவைத்திருந்த செம்பில் போய் நின்றது. அதன் விளிம்பிலும் அதே மஞ்சள். செம்பிலிருந்து எல்லம்மாவைப் பார்த்தார். மூன்று பேட்டரியையும் கொன்றவள் தான்தான் என்று அந்தக் கணத்தில்தான் அவளுக்குப் புரிந்தது.

"இன்னாண்ணே அது?" என்றான் ராஜவேலு.

"உப்புக் காத்து" என்றார் சாலமோன். "கடலோரம் இல்ல? படிஞ்சிடுது. போய் சலவைச் சோடா வாங்கினு வா."

அவன் கடைக்குப் போனதும், அவளைப் பாராமலே மெல்லச் சொன்னார்: "சுத்திப் போடும்மா, வேணாங்கல. டயருக்கு ஊத்து. உப்புத் தண்ணி பட்டா இது நிக்கிற எடத்துலயே செத்துப்புடும்."

வெந்நீரில் சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவி, துடைத்து, சார்ஜ் ஏற்ற எடுத்துப்போனார். சனிக்கிழமை மத்தியானம் கொண்டுவந்து மாட்டினார்.

ஞாயிறு விடிந்ததும் ராஜவேலு சாவியைத் திருப்பினான். எல்லம்மா முந்தானையைக் கையில் முறுக்கிக்கொண்டு நின்றாள். ஒரே உறுமல். வண்டி கிளம்பிவிட்டது. சாலமோன் நன்றாக இருக்கட்டும் என்று அவள் வாய்விட்டே சொன்னாள்.

"இனிமே இந்தக் காத்துல இத நிறுத்தமாட்டேன்" என்றான் ராஜவேலு. "பொன்னேரியிலயே நிறுத்திட்டு நானும் அங்கியே படுத்துக்கிறேன். வாரத்துல ஒரு நாளு வரேன்."

அவளைக் காப்பாற்றச் சாலமோன் சொன்ன பொய், அவள் புருஷனையே வீட்டைவிட்டுக் கிளப்பப் பார்த்தது. எல்லம்மா காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"காத்து இல்ல மாமா. நாந்தான். படகுக்கு ஊத்துனத இதுக்கும் ஊத்துனேன்."

ராஜவேலு எஞ்சினை நிறுத்தவில்லை. கத்துவான் என்று அவள் காத்திருந்தாள்.

"பதினோரு வருஷம் என்னைக் கரை சேத்த தண்ணி அது" என்றான். "செம்ப எடுத்துனு வா. நானே டயருக்கு ஊத்துறேன்."

ஊற்றினான். பிறகு, "ஏறு. நீயே வந்து சாலமோன் அண்ணனுக்கு ஒரு வார்த்தை சொல்லு" என்றான். எல்லம்மா விடியலில் வாங்கிய இறாலை ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு முதல்முறையாக அந்தக் காரில் ஏறினாள்.

பொன்னேரியில் சாலமோன் வெள்ளைச் சட்டை போட்டு மாதா கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கூடையைக் கொடுக்கும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தப்பைக் கண்டுபிடித்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள். கண்டுபிடித்து மறைத்தவர் இவர் ஒருவர்தான்.

"ஊட்டுக்காரர்கிட்ட சொல்லிட்டேன் நைனா. நீ பண்ணத உயிர் இருக்கிறவரைக்கும் மறக்கமாட்டேன்."

"நல்லதாப் போச்சும்மா. பொய் சொன்னது எனக்கும் ஒறுத்திக்கினுதான் இருந்துது. இன்னிக்கு சாமியார்கிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன்."

"எனக்காக சொன்னது, அது உன் கணக்குல ஏறக்கூடாது" என்றாள் எல்லம்மா. "நீ உங்க சாமிகிட்ட சொல்லு. இவரு இப்ப பெரியபாளையந்தான் போறாரு, ஆத்தாகிட்ட நான் சொல்லியனுப்புறேன். ரெண்டு பேரும் பேசி முடிச்சிக்கட்டும்."