பிஸ்மியில் கிளம்பிய டீசல் கார்

யுத்தம் முடிந்த அடுத்த வருஷம் அக்கரைப்பற்றிலிருந்து தம்பிலுவில் பக்கம் போகும் வீதிக்கு வழுவழுவென்று தார்க் காப்பெட் போட்டார்கள். ஆமிக்காரர் மறிக்கும் சென்றிக்குச் சென்றி பிரேக் அடித்தே வயதாகிப்போன வாகனங்களுக்கு, நாலாம் கியர் என்று ஒன்று இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அப்படியொரு வீதியில் இரண்டு கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி எது முந்தும் என்று பார்க்காவிட்டால் கல்முனை ஆண்களுக்குச் சோறு இறங்குமா? இறங்கவில்லை.

ஒரு கார் ஷரிபுதீனுடையது. கல்முனையில் கராஜ் வைத்திருந்தான். இரண்டே கதவுள்ள, கூரை சரிந்த ஜப்பான் கார் அது. சுனாமி வந்த காலையில் வாப்பாவையும் தங்கச்சி நுஸ்ஹாவையும் அதில் ஏற்றிச் சாவியைத் திருப்பினான். கார் இருமியது, கிளம்பவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே கடல் வந்துவிட்டது. நுஸ்ஹாவைக் கண்ணாடி வழியாக இழுத்தெடுத்தான். வாப்பாவின் ஜனாஸாதான் கிடைத்தது.

வயலுக்குள் கிடந்த காரை இழுத்து வந்து, உப்புத் தண்ணீர் குடித்த பெற்றோல் எஞ்சினைப் பிடுங்கி வீசிவிட்டு, ஒரு வேனின் டீசல் எஞ்சினைப் பொருத்தினான். சாவியைத் திருப்பியவுடன் அது எடுபட வேண்டும். வேறொன்றும் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை. எடுபடவும் செய்தது. ஆனால் நுஸ்ஹா அந்தக் காரின் பேச்சையே எடுக்க விடமாட்டாள். அவள் காதில் சத்தம்கூட விழக்கூடாதென்று அவன் காரைக் கராஜிலேயே விட்டுவிட்டுச் சைக்கிளில்தான் வீடு வருவான்.

இப்போது நுஸ்ஹாவுக்குக் கலியாணம். இந்த ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவரைக் கொண்டுவரும் காரிலேயே மறுநாள் இருவரும் பெண்ணின் மாமி வீட்டு விருந்துக்குப் போவார்கள். ஷரிபுதீன் போட்ட கணக்கு இதுதான்: மாப்பிள்ளை தன் காரில் வந்தால், மறுநாள் தங்கச்சியும் அதில் ஏறித்தானே ஆக வேண்டும்?

அந்தக் கணக்கில் மண் அள்ளிப் போட வந்தவன் மாப்பிள்ளையின் சாச்சா மகன் ஜவுபர். கொழும்பிலிருந்து சிவப்பு நிறத்தில் ஒரு பெற்றோல் கார் கொண்டுவந்திருந்தான். அதுவும் இரண்டு கதவு, ஆனால் டேர்போ வைத்தது. சும்மா நிற்கும்போதே உறுமும்.

“மாப்பிள்ளய இந்த டீசல் கட்டையிலயா மச்சான் ஏத்தப் போறீங்க? சந்திக்குச் சந்தி பொக அடிக்குமே” என்றான்.

“பொக அடிச்சாலும் எடுத்த எடுப்பில இழுக்கும். ஓங்கட கார் எழும்பி மொகம் கழுவுறதுக்குள்ள என்ட கார் நாலு வளவு தாண்டிரும்.”

அந்த வாய்தான் வினை. எந்தக் கார் முந்துகிறதோ அதில் மாப்பிள்ளை வருவார் என்று பேச்சு முடிந்தது.

விடிகாலைச் சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு இரண்டு கார்களும் அந்தக் காப்பெட் வீதியின் மதகடியில் நின்றன. அடுத்த மதகுதான் எல்லை. ஆரம்பித்து வைக்கப் பள்ளிவாசல் மோதினார் அப்துல் ஹமீட்டைக் கூட்டி வந்திருந்தார்கள். ஒலிபெருக்கி இல்லாமலே பாங்கை ஊர் முழுக்கக் கேட்க வைக்கிற குரல். மூன்று எண்ணுவார், மூன்றில் எடுக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து ஒரு முச்சக்கர வண்டி வந்து நின்றது. ஷரிபுதீனின் மனைவி றாஹிலா இறங்கினாள். பின்னால் நுஸ்ஹா. ஷரிபுதீன் அவளைக் கண்டான். இவள் முன்னாலா தோற்க வேண்டும்?

இரண்டு பேரும் சாவியைத் திருப்பினார்கள். மோதினார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.”

ஷரிபுதீன் கிளட்சை விட்டான். எந்தக் காரியமும் பிஸ்மியில்தான் தொடங்கும் என்று குர்ஆன் ஓதப்போன நாளிலிருந்து அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கால் அதை மறக்கவில்லை. மோதினார் “ஒண்டு” என்றபோது டீசல் கார் இரண்டாம் கியரில் இருந்தது. “ரெண்டு” பாதியில் நின்றது. “மூண்டு” வரவே இல்லை. மோதினார் வாயைப் பொத்திக்கொண்டார். ஜவுபர் ஒரு கெட்ட வார்த்தையோடு அக்ஸிலேட்டரை மிதித்தான்.

சிவப்புக் கார் வந்த வரத்தைச் சொல்ல வேண்டுமே! கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்தது, மூச்சு விடுவதற்குள் முகமாகிவிட்டது. ஷரிபுதீன் கதவோடு கதவாக அது உரசி வருவதைப் பார்த்தான். எல்லை மதகு வந்தது. டீசலின் மூக்கு ஒரு முழம் முன்னால் இருந்தது.

“மூண்டுதானே கணக்கு?” மோதினாரிடம் திரும்பி வந்ததும் ஜவுபர் இறங்கிக் கத்தினான். “இது களவு ஓட்டம்.”

“பிஸ்மி சொன்னா தொடங்கினதுதானே மச்சான்?” என்றான் ஷரிபுதீன். கள்ளம் இல்லாமல்தான் சொன்னான்.

“நான் எனக்குச் சொன்ன பிஸ்மி தம்பி அது. எண்ணத் தொடங்கினதுக்கு” என்றார் மோதினார் பரிதாபமாக. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

திருப்பி ஓட வேண்டியதாயிற்று; ஷரிபுதீன் நிறுத்தியிருந்த காரின் சாவியை மறுபடி திருப்பினான். இந்தத் தடவை மோதினார் பிஸ்மியை மனதுக்குள் சொல்லிக்கொண்டு, வெளியே இலக்கத்தை மட்டும் விட்டார்.

மூன்றில் இரண்டும் பாய்ந்தன. முதலில் டீசல்தான் முன்னால். அடியிலிருந்தே இழுக்கிற எஞ்சின், கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு ஒரு காரளவு விலகிப் போனது. கூட்டம் கூவியது. இரண்டாம் கியர். மூன்றாம் கியர். அங்கேதான் சிவப்புக் காரின் டேர்போ கண் விழித்தது. பக்கத்தில் ஒரு கூச்சல் கேட்டது, பிறகு அதன் முதுகுதான் தெரிந்தது. டீசலுக்கு இழுக்க இனி மூச்சில்லை. மிதிக்க மிதிக்க அவர்களுக்கு நடுவே வீதி நீண்டுகொண்டே போனது.

நியாயமான தோல்வி. காரை மெதுவாகத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தினான். நுஸ்ஹாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“தோத்துட்டன் புள்ள. மாப்பிள்ள அந்தக் கார்லதான் வருவாரு.”

“சாவியத் திருப்பின ஒடனே எடுபட்டிச்சு காக்கா” என்றாள் அண்ணனைப் பார்த்து. “ரெண்டு தரமும் பார்த்த நான். ஒரு இருமல் இல்ல.”

“ஓம்” என்றான்.

“அதப் பார்க்கத்தான் மதினியக் கூட்டிக்கு வந்த நான்.”

அவளே கதவைத் திறந்து முன் ஆசனத்தில் ஏறினாள். ஏறியதும் இரண்டு கைகளாலும் ஆசனத்தின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வென்ற பெருமையோடு வந்த ஜவுபரிடம் கண்ணாடி வழியாகச் சொன்னாள்: “மாப்பிள்ளய நீங்க கொண்டு வாங்க. மாமி ஊட்ட போறது இதுலதான்.”

ஜவுபர் தலையாட்டினான். கலியாணப் பெண்ணோடு யார் வாதாடுவது?

ஷரிபுதீன் சாவியைத் திருப்பினான். முட்டைக் கூடையை ஏற்றியவன் மாதிரி மெல்ல மெல்ல உருட்டினான். நுஸ்ஹா கண்ணை மூடியிருந்தாள். ஊரெல்லை தாண்டிக் கடல் தெரியத் தொடங்கிய இடத்தில் கண்ணைத் திறந்து அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு விளிம்பிலிருந்து ஒரு கையை எடுத்தாள்.

“என்ன காக்கா, இப்பிடி உருட்டுறீங்க?” என்றாள். “நல்லா மிதிங்க.”